ஆராதனை முடிந்த பிறகு: அசனம், பிடியரிசி, துக்கவீடு – சபை வாழ்வில் தேவபிரசன்னம்

தொடங்கி வைப்பவர்

பாட்டிலும் பிரசங்கத்திலும் கர்த்தரை உணர்ந்த சாட்சிகள் நிறைய வந்துவிட்டன. இந்தத் தடவை ஐயர் (சபைப் போதகர்) ஆசீர்வாதம் கூறி முடித்த பிறகு சபையில் நடப்பதைப் பேசுவோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் எழுதுங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம். எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகிறது, கர்த்தர் அதில் எந்த இடத்தில் தெரிகிறார் என்று மட்டும் சொன்னால் போதும்.

அசனக் கமிட்டி, சாயர்புரம் பக்கம்

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனத்தைப் பண்டிகைச் சாப்பாடு என்று நினைப்பவர்கள் 1 கொரிந்தியர் 11-ஐ ஒருதரம் வாசிக்கட்டும். வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு இருக்கிறான் என்பதுதான் பவுல் அங்கே சொல்லும் குற்றச்சாட்டு. நம் அசனத்துக்கும் அதே வியாதி வரும். அது வராமல் பார்ப்பதுதான் கமிட்டியின் வேலை, மற்றதெல்லாம் சமையல்.

முதலில் அளவு. ஊர்ச்சபையில் 100 பேருக்கு 15 கிலோ அரிசி, எலும்போடு 10 கிலோ ஆட்டுக்கறி, சாம்பாருக்கு 3 கிலோ பருப்பு. உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் கறியாகத் தேறும். ஆகவே 500 பேர் என்றால் 20 கிலோ ஆடு ஐந்து வேண்டும். நேர்ந்துகொண்டவர்கள் கொடுக்கும் பொருத்தனை ஆடுகள் எத்தனை வருகின்றன என்று ஒரு வாரம் முன்னமே எழுதி வாங்கிவிட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் "கொண்டுவந்துருவேன் அண்ணாச்சி" என்பவர்களை நம்பி அடுப்பு வெட்டக் கூடாது. 10 கிலோ கறிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ சின்ன வெங்காயம். உரிக்கிற வேலை முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் நடக்கும். அந்த ராத்திரியை காண்ட்ராக்ட் மாஸ்டரிடம் விட்டுவிட்ட சபைகள் எதை இழந்தன என்று அவர்களுக்கே தெரியாது. ஆறு மாதம் பேசாத இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே சாக்கில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது அங்கேதான் நடக்கும்.

குழம்பு புளித்துப்போகக் காரணம் பெரும்பாலும் தேங்காய். அரைத்த தேங்காயைப் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் சேர்க்க வேண்டும். விடியற்காலம் நாலு மணிக்கே சேர்த்து, ஆராதனை நீண்டு, பந்தி ஒரு மணிக்குப் போனால் கடைசி அண்டா பாழ். சோற்றை வடித்துச் சுடச்சுடக் குவித்தாலும் அடியில் நசநசத்துவிடும். பாயில் வெள்ளைத்துணி விரித்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே துணி போட்டால் போதும். தட்டு வைத்து இறுக மூடினால் வேர்வை இறங்கிச் சோறு வீணாகும்.

இனி முக்கியமானது. கறித்துண்டுகளை வடித்துத் தனி அண்டாவில் எடுங்கள், குழம்பு வேறு அண்டாவில் இருக்கட்டும். ஒரே அளவு கரண்டி, ஒரு வரிசைக்கு ஒரு ஆள். முதல் பந்தி உட்காரும் முன்பே, கடைசிப் பந்திக்கான கறியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துக் கட்டிவைக்க வேண்டும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? விறகு சுமந்தவர்கள், இலை எடுத்தவர்கள், பந்தல் போட்டவர்கள். அவர்கள் இலையில் வெறும் குழம்பு விழுந்தால் அன்றைய ஸ்தோத்திரம் அவ்வளவுதான்.

ஐயருக்கும் கமிட்டிக்கும் தனி அறையில் நாற்காலி போடும் வழக்கம் ஊர் ஊராகப் பரவுகிறது. அதை முளையிலேயே கிள்ளுங்கள். ஐயரும் பாயில்தான். முழங்கால் முடியாதவர்களுக்கு பெஞ்சு உண்டு. அதற்கு முழங்கால் மட்டுமே தகுதி.

பக்கத்துத் தெரு இந்து வீட்டார் வந்தால் எந்தப் பந்தியிலும் உட்காரலாம், காணிக்கை கொடுத்தாரா என்று ரசீது புத்தகத்தைத் தேட வேண்டாம்.

பெண்கள் ஐக்கிய சங்கம், நாங்குநேரி வட்டாரம்

அசனம் வருஷத்துக்கு ஒருநாள். பிடியரிசி தினமும்.

சோற்றுக்கு அரிசி அளந்து போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடி திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. தனியாக அளந்து போடுவதைவிட இதற்கு அர்த்தம் அதிகம், ஏனென்றால் நம் சோற்றில் அந்த ஒரு பிடி குறைகிறது. ஒரு பிடி சுமார் 40 கிராம். மாதம் 1200 கிராம். 50 வீடு ஒழுங்காகக் கொடுத்தால் 60 கிலோ. தனியாக இருக்கிற ஆறு விதவைகளுக்கு மாதம் பத்துப் பத்துக் கிலோ என்று பிரித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. ஏழைச் சபை அதைக்கொண்டே மிஷனெரிகளை அனுப்பியது.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒன்று வண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் கண்டிப்பாக வரும். மாதம் ஒருமுறை வாங்கி அதே வாரம் கொடுத்துவிட வேண்டும். டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போட்டுவைக்கலாம். இரண்டு, கலப்பு. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் ரேஷன். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் சோறு ஒரே பதத்தில் வேகாது, வாங்குகிறவருக்கு அது அவமானமாகவும் படும். இட்லி அரிசியைத் தனியே கட்டுங்கள். மூன்றாவதுதான் பெரிய நஷ்டம்: "டப்பாவெல்லாம் எதுக்கு அக்கா, மாதம் நூறு ரூபாய் தந்துருதேன்." வேண்டாம் என்று சொல்லக் கஷ்டம். ஆனால் சங்கக் காணிக்கைக்குப் பணம் போகிறது, அது வேறு. அடுப்படியில் நின்று தினமும் யாருக்காகவோ கை நிறுத்துகிற அந்தப் பழக்கம் பணத்தில் வராது. அரிசி வாங்குகிற வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்துக் கொடுக்காதீர்கள். சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் வைத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வாருங்கள்.

வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. காப்பி, ஒரு சுண்டல். அதற்கு மேல் போனால் அடுத்த வீட்டுக்காரி பூரி போடுவாள், அதற்கடுத்த வீடு "இந்த மாதம் எங்க வீட்ல முடியாது" என்று ஒதுங்கும். ஒதுங்குவது எப்போதும் வாடகை வீடுதான்.

ஓய்வுபெற்ற சபை ஊழியர், திசையன்விளை பக்கம்

நோயாளி சந்திப்பையும் துக்கவீட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டிலும் நாம் செய்யும் தவறு ஒன்றுதான், அதிகம் பேசுவது.

நோயாளியிடம் பதினைந்து நிமிஷம். கட்டிலில் உட்காராமல் நாற்காலி கேட்டு வாங்கி அவர் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். சங்கீதம் 121 எட்டே வசனம், 23 ஆறே வசனம். அதற்கு மேல் வாசித்தால் வலியில் இருப்பவருக்கு ஏறாது. "விசுவாசித்தால் சுகமாகும், மாத்திரை எதற்கு" என்கிற ஆளை மறுபடி சந்திப்புக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு நன்றாக ஜெபித்தாலும் சரி. வீட்டில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை) கேட்டால் முன்னதாக ஐயரிடம் சொல்லி, விழுங்க முடியுமா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பத்தைச் சின்னத் துணுக்காகத் திராட்சரசத்தில் தோய்த்து நாக்கில் வைப்பது உண்டு. மூக்கில் குழாய் இருந்தால் அதுவும் கூடாது. அப்போது வீட்டார் அவருக்குப் பக்கத்தில் நின்று வாங்கினால் அவரும் பங்குபெற்றவர்தான்.

ஜெபக்குறிப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "இன்ன சகோதரிக்கு கர்ப்பப்பையில் கட்டி, ஜெபியுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வது ஜெபப் போர்வை போட்ட புறணி. பெயர் போதும், நோய் கர்த்தருக்குத் தெரியும்.

துக்கவீட்டில் முதல் நாளுக்கு ஆள் குறையாது. சாவு மணி அடித்த அரைமணி நேரத்தில் பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் வந்துவிடும். இளைஞர்கள் இரண்டு பேரைக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். மருத்துவரிடம் சான்று, சபை அடக்கப் பதிவேட்டுக்கு வயதும் விவரமும், பிறகு உள்ளாட்சியில் இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. அது தவறினால் அலைச்சல் முழுவதும் அந்த விதவையின் தலையில் விழும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட இப்போது இயந்திரம் வந்துவிட்டது. பரவாயில்லை, ஆனால் மண் போடுவதையாவது சபையார் கையால் செய்யட்டும்.

அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு யார் முறை என்று எழுதிவைக்காவிட்டால் முதல் நாள் மதியம் நாலு வீட்டுச் சாம்பார் வரும், மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றும் வராது. என் பார்வையில் சபை இல்லாமற்போவது பத்தாம் நாளுக்குப் பிறகுதான். ஆகவே நோட்டில் நாலு தேதி குறித்துவைக்கச் சொல்வேன்: முப்பதாம் நாள், இறந்தவர் பிறந்தநாள், முதல் கிறிஸ்மஸ், முதல் வருஷம். அந்தந்த நாளில் இரண்டு பேர் போனால் போதும். ஜெபிக்கக்கூட வேண்டியதில்லை, அவர் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை பேசினால் அந்த வீடு அதையேதான் எதிர்பார்த்திருக்கும். எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று இருக்கும் வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்படுகிற நேரத்தைத்தான் பிரசன்னம் என்பேன்.

பாடகர் குழு, நாகர்கோவில்

முதல் கிறிஸ்மஸ் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று. கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கீத பவனி போகும்போது துக்கவீட்டைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம், மரியாதை என்று நினைத்து. தாண்டாதீர்கள். முந்தின நாளே ஒருவர் போய்க் கேட்கட்டும். சரி என்றால் டிரம், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் தெருமுனையில் நிற்க, ஐந்தாறு பேர் மட்டும் உள்ளே போய் மெதுவான பாட்டு ஒன்று, ஜெபம், அவ்வளவே. பவனியைக் கடைசி வீட்டிலிருந்து, அதாவது கோயிலுக்குத் தூரமான வீட்டிலிருந்து தொடங்குங்கள். கோயில் பக்கத்து மாடிவீடுகளில் தொடங்கினால் தொண்டை கட்டிப்போன பிறகுதான் காலனி வரும், அதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது என்பதும் நல்லதுக்கே.

சேகரச் செயலர், பாளையங்கோட்டை

"இரண்டு மூன்று பேர் என் நாமத்தினாலே கூடியிருக்கும் இடத்தில்" என்ற வசனத்தை ஆள் குறைந்த கூட்டத்துக்கு ஆறுதலாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். மத்தேயு 18-ல் அது வருகிற இடத்தைப் பாருங்கள். ஐந்து வசனம் முன்னால் பேச்சு முழுவதும் உனக்குக் குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரை அழைத்துப் போ என்பதுதான். வழக்கைத் தீர்க்க உட்கார்ந்த அந்த இரண்டு மூன்று பேர் நடுவில் இருப்பேன் என்கிறார்.

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருவிருந்து முறைமை 1950-ல் வந்தபோது அதில் சமாதானம் கொடுத்தல் சேர்ந்தது. கொடுப்பவர் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க, இருவரும் இடது கையால் மற்றவர் வலது கையை மூடவேண்டும். மேடையிலிருந்து வரிசை வரிசையாக அது கை மாறி வர வேண்டும். ஒவ்வொருவரும் இஷ்டப்பட்ட பக்கம் திரும்பி வணக்கம் போட்டால், பிடிக்காதவரைத் தவிர்க்க வழி கிடைத்துவிடும். கை மாறி வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகள் கைகூப்புவதோடு நின்றுவிட்டன. திரும்பக் கொண்டுவருவது நல்லது.

தொடுவது நம் சபைகளில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதும் திருவிருந்தில் முன்பின் வருவதும் நடந்த காலத்தில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் அதெல்லாம் ஒழியவேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு எழுந்தது, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்தவர்களில் ஒருவர். உத்தரவு போட்டு ஏறக்குறைய 200 வருஷம் ஆகிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. பிரசன்னம் பற்றிப் பேசுகிற சபை அந்தக் கல்லறை வரப்பையும் ஒருதரம் பார்த்துவிட்டு வரட்டும்.

சமரசம் பேசப் போகிறவர்களில் ஒருவர்கூட இரண்டு தரப்புக்கும் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. கடன் விவகாரம் என்றால் தொகையை எழுதிக்கொண்டுதான் ஜெபிக்க வேண்டும், ஜெபித்துவிட்டு எழுதினால் தொகை மாறும். திருமண்டலத் (பேராயரின் நிர்வாக எல்லை) தேர்தல் வருஷத்தில் மட்டும் யாரையும் சமரசத்துக்குக் கூப்பிடாதீர்கள், எந்த அணி என்று கேட்பார்கள்.

சென்னைப் புறநகர்

பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் 60 பேர் சபை நாங்கள். கோட்டை அடுப்பு வெட்ட இடமில்லை, ஆடு வெட்டவும் முடியாது. அசனம் எப்படி?

அசனக் கமிட்டி, சாயர்புரம் பக்கம்

தம்பி, தாராளமாகச் செய்யலாம். நகரத்தில் தலைக்கு 120 கிராம் அரிசி போதும், ஏழரைக் கிலோ வாங்குங்கள். கறி 6 கிலோ, பருப்பு 2 கிலோ, இலை 70. பெரிய கேஸ் அடுப்பு இரண்டு, ஒன்றில் சோறு, ஒன்றில் கறி. சாம்பாரை வீட்டில் வைத்துக் கொண்டுவரலாம், ஆனால் கறியை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம், ஆறு வீட்டுக் குழம்பு ஆறு ருசியில் வந்து எது யார் வீட்டுடையது என்ற பேச்சு கிளம்பும். பொட்டலம் கட்டுவதைப் பந்திக்கு முன்னால் முடியுங்கள். படுத்திருப்பவர்கள், ஞாயிறு டியூட்டிக்குப் போனவர்கள், காவலாளி, எல்லாரும் அந்தப் பட்டியலில் வரட்டும். பந்திக்குப் பிறகு கட்டினால் மிச்சம்தான் போகும். பாத்திரம் கழுவ நாலு பேர் பெயரை முந்தின ஞாயிறே எழுதுங்கள், அதில் ஒன்று செயலர் பெயராக இருக்கட்டும்.