கோயில் தீபாவளி வாணவேடிக்கையை மின்சாரத்தால் பற்றவைக்கலாமா?

சாட்ஸ்வொர்த் அன்பர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் கோயில் மைதானத்தில் தீபாவளி இரவில் வாணங்களின் திரியை இதுவரை கையால்தான் கொளுத்தி வந்தோம். இவ்வாண்டு இளைஞர்கள், கார் பேட்டரியோடு அழைப்புமணிப் பொத்தான்களை ஒரு பலகையில் பொருத்தித் தொலைவிலிருந்தே பற்றவைக்கலாம் என்றும், இணைப்புகளை டார்ச் பல்பு ஒன்றை இடையில் வைத்துச் சோதிக்கலாம் என்றும் கூறுகின்றனர். இதில் ஆபத்து உண்டா?

டர்பன் மின்பணியாளர்:
பல்புச் சோதனையை உடனே கைவிடச் சொல்லுங்கள். மின்சாரத்தால் பற்றும் திரியான மின்திரியின் தலையில் மயிரிழை போன்ற கம்பி ஒன்றும் அதன்மேல் பூசிய மருந்தும் இருக்கின்றன. சுமார் அரை ஆம்பியர் பாய்ந்தால் கம்பி சூடேறி மருந்து பற்றிக்கொள்ளும். டார்ச் பல்புகளில் பல 0.3 ஆம்பியர் வரை இழுப்பவை. அந்த அளவே சில திரிகளுக்குப் போதும் என்பதால், சோதனையின்போதே வாணம் கிளம்பிவிடலாம். சோதனைக் கருவி 0.05 ஆம்பியரைத் தாண்டாததாக இருக்க வேண்டும். அப்போதும் வாணங்களை ஏவும் குழாய்களின் அருகில் எவரும் நிற்கக் கூடாது. அழைப்புமணிப் பொத்தானோ ஒரு குழந்தையின் முழங்கை பட்டாலே அழுந்திவிடும்.

பீனிக்ஸ் வாசகர்:
உரிமம் பெற்ற குழு ஒன்றுக்கு நான் உதவியாளனாக இருக்கிறேன். எங்கள் பற்றவைப்புப் பலகையில் சாவிப்பூட்டு இருக்கும். குழாய்களில் வாணம் நிரப்புகிறவரின் சட்டைப்பையில்தான் அந்தச் சாவி இருக்கும், அவர் வெளியே வந்து தாமே பூட்டைத் திறக்கும் வரை பலகையருகில் இருப்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒன்றும் நடக்காது. திரிக் கம்பிகளின் இரு முனைகளையும் இணைக்கும் கணம் வரை ஒன்றோடொன்று முறுக்கியே வைப்போம். தீபாவளிக் காலத்தில் டர்பனில் இடிமழை சகஜம். இடி கேட்டவுடன் வேலையை விட்டு விலகிவிடுவோம். வெடிக்காத வாணத்தை உடனே எட்டிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய முட்டாள்தனம்: மின்தொடர்பைத் துண்டித்து, குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

மேலும், 1956ஆம் ஆண்டின் 26ஆம் எண் வெடிபொருள் சட்டம் இங்கே உண்டு. பொதுக் காட்சிக்கு முன் காவல்துறையின் வெடிபொருள் ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் செய்த பலகையைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சாட்ஸ்வொர்த் அன்பர்:
மிக்க நன்றி. பலகையை விட்டுவிட்டு உரிமம் உள்ளவரையே அழைக்கலாம் என்று குழுவில் சொல்லப்போகிறேன். தொண்டர்கள் வாக்கிடாக்கி வைத்திருப்பார்கள். அதனால் தொல்லை உண்டா?

பீனிக்ஸ் வாசகர்:
உண்டு. நீண்ட திரிக் கம்பிகள் ஆன்டெனாவாகி வாக்கிடாக்கியின் ரேடியோ அலைகளை வாங்கிக்கொள்ளக்கூடும். வாக்கிடாக்கியையும் கைபேசியையும் வேலிக்கு அப்பாலேயே வைக்கச் சொல்லுங்கள்.