புதுப்பிப்பு: சோட்டோ போன பிறகு யாங்கீஸ்

"ஹுவான் சோட்டோவைத் தக்கவைத்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று, நியூயார்க் பேஸ்பால் அணியான யாங்கீஸ் 2024 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) தோற்ற பிறகு எழுதியிருந்தேன். நடக்கவில்லை. அந்த நட்சத்திர மட்டையாளரை 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸ் தூக்கிவிட்டது.

சரி, 2025 சீசனுக்கு மிச்சமான பணம்? பந்துவீச்சாளர் மேக்ஸ் ஃபிரீடுக்கு 8 ஆண்டு, 21.8 கோடி. இது எனக்குப் பிடித்த செலவு. கடைசியில் பந்துவீசி ஆட்டத்தை முடித்துவைக்க டெவின் வில்லியம்ஸ், அவுட்ஃபீல்டுக்கு (மைதானத்தின் வெளிப்பகுதி) பெல்லிஞ்சர், இருவரும் பரிமாற்றத்தில் வந்தவர்கள். முதல் பேஸைக் (ஓடுபவர் தொடவேண்டிய இடங்களில் ஒன்று) காக்க அப்போது 37 வயதான கோல்ட்ஷ்மிட், ஒரே ஆண்டு, 1.25 கோடி. வயதுதான் இடித்தது.

இரண்டாம் பேஸில் ஆடிய டோரஸ் டெட்ராய்ட் அணிக்குப் போய்விட்டார். மூன்றாம் பேஸில் ஆடிய சிஷமை அவருடைய இடத்துக்கு மாற்றினால் மூன்றாம் பேஸ் காலி என்ற நிலை. அங்கே ஆள் எடுக்கத்தான் அப்போது கஞ்சத்தனம் காட்டினார்கள்.