புதுப்பிப்பு: பிடித்த வெளிநாட்டு ராக், நாட்டுப்புறக் கலைஞர்கள்

வேலூர்க்காரர்களே, உங்கள் மனத்துக்கு நெருக்கமான வெளிநாட்டு ராக், நாட்டுப்புறக் கலைஞர்களைச் சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். என் தேர்வாக அயர்லாந்தின் ரோரி கல்லகரைச் சொன்னேன். சாயம் உதிர்ந்து மரம் தெரியும் அவருடைய கிதாரே தனி அழகு.

குடியாத்தம் அண்ணன் ஒருவர் மாலி நாட்டின் அலி ஃபர்கா தூரேயைப் பரிந்துரைத்தார். நைஜர் ஆற்றங்கரை நியாஃபுன்கேயில் விவசாயமும் பார்த்தவர். 1994இல் அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் அவர் வெளியிட்ட இசைத் தொகுப்பை விடாமல் கேட்கிறேன். ஒரே சிறு கிதார் வரி திரும்பத் திரும்ப வருகிறது. குரல் அதன்மேல் அவசரமின்றி நடக்கிறது. விடிய விடியத் தெருக்கூத்து கேட்டு வளர்ந்த வட ஆற்காட்டுக் காதுக்கு இந்த நிதானம் உடனே பிடிபடும். அண்ணனுக்குப் பெரிய நன்றி!

ஆம்பூர் அக்கா சொன்ன சிலி நாட்டு வியோலெத்தா பார்ராதான் அடுத்து. மங்கோலியப் பாடகர்கள் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லுங்கள்.