கலைச்சொல்: ஷாட்கன் – உள்ளே இருப்பது குண்டா, ரவையா?

வணக்கம்.

டூம் என்ற கணினி விளையாட்டின் ஆயுதப் பட்டியலைத் தமிழாக்கும்போது ‘காம்பேட் ஷாட்கன்’ வரியில் நிற்கிறோம். ஷாட்கன் என்பது ஒரே வெடியில் பல சிறு உருண்டைகளைச் சிதறவிடும் துப்பாக்கி. 2016 டூமிலும் 2020-இல் வந்த டூம் எட்டர்னலிலும் இந்தத் துப்பாக்கி உண்டு. இதற்கு முன்மொழியப்பட்ட ‘சிதறுதுப்பாக்கி’யை ஏற்க முடியவில்லை. சிதறு என்பது தன்வினை. சிதறுதேங்காயில் சிதறுவது தேங்காய்தான். அதே கணக்கில், சிதறுதுப்பாக்கி என்றால் துப்பாக்கியே உடைந்து சிதறுகிறது என்றாகும். சிதற வேண்டியது அதன் குழலிலிருந்து வருவது.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த வரிகளில் இருக்கிறது. கையிருப்பில் எண்ணுவதையும் ‘குண்டு’ என்கிறோம், குழலிலிருந்து கிளம்புவதையும் ‘குண்டு’ என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. 1993-இன் முதல் டூமில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். அதன் மூலநிரல் 1997 முதல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் கையிருப்பில் 1 குறையும், ஆனால் கிளம்புவது 7. அந்த ஏழில் ஒவ்வொன்றும் தனித்தனியே 5, 10, 15 என்ற மூன்றில் ஒரு சேதத்தைத் தரும். ஏழும் பட்டால் 35 முதல் 105 வரை. இம்ப் என்ற அரக்கனின் உயிர் 60. நெருங்கிச் சுட்டால் பெரும்பாலும் ஒரே வெடியில் விழும். தள்ளி நின்றால் ஏழில் இரண்டோ மூன்றோதான் படும், அது விழாமல் தொடர்ந்து வரும். ‘குண்டுக்குச் சேதம் 10’ என்று எழுதினால், ஓர் இம்புக்கு ஆறு வெடி வேண்டும் என்று ஆட்டக்காரர் கணக்குப் போட்டுவிடுவார்.

என் பரிந்துரை: கையிருப்பில் இருப்பது தோட்டா, அதனுள் இருப்பது ரவை. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லும் சொல்தான் இது. துப்பாக்கிக்கு ‘ரவைத் துப்பாக்கி’.

—

> கையிருப்பில் இருப்பது தோட்டா, அதனுள் இருப்பது ரவை.

தோட்டா சரி. ரவையில் ஒரு தடை உண்டு. ஈழத்து வழக்கில் ரவை என்றால் முழுத் தோட்டாதான். ‘துப்பாக்கி ரவைகள் மீட்பு’ என்று செய்தித்தாளில் வந்தால் வாசகருக்கு விளங்குவது அதுவே. அவை அடுக்கப்படும் பெட்டி ரவைக்கூடு. ‘ரவை 7’ என்று திரையில் கண்டால் ஏழுமுறை சுடலாம் என்றுதான் நினைப்போம். நீங்கள் தவிர்க்கப் பார்க்கும் அதே குழப்பம் வேறு வாசலால் உள்ளே வருகிறது. ‘ரவைத் துப்பாக்கி’யும் எங்களுக்கு எந்தத் துப்பாக்கியையும் வேறுபடுத்திக் காட்டாது.

‘குருணை’ என்று வைத்தால் என்ன? உடைந்த அரிசிக்கும் வயலில் தூவும் மருந்துக்கும் தமிழ்நாட்டில் புழங்குகிற சொல். எங்களிடம் ‘குறுணல்’ உண்டு.

—

இருவருக்கும் நன்றி. குருணை கையில் அள்ளித் தூவுவது. வேகமோ அடியோ அந்தச் சொல்லில் இல்லை. ‘ஒரு குருணைக்குச் சேதம் 10’ என்ற வரியை உரக்கப் படித்துப் பாருங்கள், உரக்கணக்கு மாதிரி ஒலிக்கிறது. ‘தெறிப்பான்’ என்றும் முன்பு ஒரு யோசனை வந்தது. ‘தெளிப்பான்’ என்பதற்கு ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. எட்டர்னலில் தீ உமிழும் கருவி வேறு இருப்பதால் அதனோடு குழம்பும், இந்தச் சொல்லையும் விட்டுவிடலாம்.

ஈழ வழக்கின் தடை வலுவானது. ஆனால் அது தனி ‘ரவை’க்குத்தான் பொருந்தும். ‘சிதறுரவை’ என்றால் இரண்டு கரைக்கும் ஒரே பொருள்தான், சிதறுவதும் ரவைதான். தன்வினைச் சிக்கலும் தீர்கிறது. துப்பாக்கி ‘சிதறுரவைத் துப்பாக்கி’. ‘குண்டு’ என்ற சொல்லை வெடிப்பவற்றுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். எட்டர்னலில் இதே துப்பாக்கிக்கு ஒட்டுகுண்டு வீசும் இணைப்பு ஒன்று உண்டு. கேக்கோடீமன் என்ற அரக்கனின் வாய்க்குள் அதைப் போட்டால் விழுங்கித் தடுமாறி நிற்கும். ‘வாயில் குண்டைப் போடு’ என்ற குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் வெறும் தோட்டாவாகச் சுட்டுத் தீர்த்தால் பிழை மொழிபெயர்ப்பில்தான்.

நீளம்தான் இடர். ‘சிதறுரவைத் துப்பாக்கி’ 11 எழுத்து, யூனிகோடில் இடைவெளியோடு 21 குறியீடு, கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 61 பைட். பெயருக்கு 32 பைட் மட்டும் ஒதுக்கிய இடத்தில் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டு, கடைசியில் கட்டம் தெரியும். ‘சிதறுரவை’ 24 பைட். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கத் திரையில் வரும் ஆயுதச் சக்கரத்தில் படத்தோடு இதுவே போதும். ‘வை’யையும் சோதியுங்கள். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதியில்லாத இயந்திரத்தில் ஐகாரக் குறி வகரத்துக்குப் பின்னால் போய் விழும்.

சிதறுரவை எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதைக் குறிக்கும் ‘ஸ்பிரெட்’ என்பதற்கு ‘விரிகோணம்’ வேண்டாம். பள்ளிக் கணக்கில் அது 90 பாகையைத் தாண்டிய கோணம். ‘சிதறல் கோணம்’ என்போம். முதல் டூமில் அது இடவலமாக மட்டும், பக்கத்துக்கு ஏறத்தாழ 5.6 பாகை. சுவரில் சுட்டால் தடங்கள் கிட்டத்தட்ட ஒரே கிடைக்கோட்டில் விழும். இரண்டு சமவாய்ப்பு எண்களைக் கழித்து விலகலைக் கணக்கிடுவதால் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அரிதாகவும் இருக்கும். 1994-இல் டூம் 2-இல் வந்த சூப்பர் ஷாட்கன் 2 தோட்டாவுக்கு 20 சிதறுரவை விடும். அங்கே பக்கத்துக்கு 11.2 பாகை, மேலும் கீழும் 7.1 பாகை. அதற்குப் புதுப் பெயர் தேட வேண்டாம், ‘இரட்டைக்குழல்’ ஏற்கெனவே ஊரறிந்த சொல்.

மிச்சம் ‘காம்பேட்’. வேட்டைத் துப்பாக்கியிலிருந்து பிரித்துக் காட்ட வந்த அடைமொழி அது. இந்த ஆட்டத்தில் வேட்டைத் துப்பாக்கியே இல்லை. சக்கரத்தில் விட்டுவிடலாம், விவரப் பக்கத்தில் மட்டும் ‘போர்வகை’ என்று சேர்க்கலாம். கோப்பில் இப்படி ஏற்றியிருக்கிறேன், ஆட்டத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்:

சிதறுரவைத் துப்பாக்கி (போர்வகை). ஒரு வெடிக்கு 1 தோட்டா. நெருங்கினால் சிதறுரவை எல்லாம் படும். விலகினால் பாதி வீண்.