பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது: துடுப்பு டிரம் போட்டால் தீருமா?

மைனர்காரன்:
1098 சிசி மோரிஸ் மைனர் கார். முன்னால் 8 அங்குல பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் உருளை), அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்த பக்கத்துக்கு ரெண்டு லீடிங் ஷூ. வேகத்தில் போகும்போது லேசாக பிரேக் மிதித்தாலே ஸ்டீயரிங் கையை உதறுகிறது, டிரம் சூடேறிவிட்டால் சொல்லவே வேண்டாம். லேத்தில் கொடுத்துக் கடைந்தாயிற்று, கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, திரும்பவும் பழைய கதைதான். சூடு ஆற வெளியே துடுப்பு (தகடு தகடாக நீட்டிய விளிம்புகள்) வைத்த டிரம் வாங்கலாமா, இல்லை தண்டச் செலவா?

லேத்தடி:
டிரம்மைத் தனியாகக் கடைந்தார்களா, ஹப்போடு (பேரிங்கில் சுற்றும் சக்கர நடுப்பகுதி) சேர்த்தா? உங்கள் வண்டியில் டிரம் தனி, ஹப் தனி. ரெண்டும் சேருகிற முகத்தில் துருப் பொருக்கு துளி இருந்தாலும் டிரம் சாய்ந்து உட்காரும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வீல் நட்டுகளை எதிரெதிராக ஒரே அளவு முறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவி) வைத்து டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் சந்தேகமே வேண்டாம். லீடிங் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்ளும், அதனால் சின்ன கோணல்கூட காலுக்கும் கைக்கும் பெரிதாகத்தான் வந்து சேரும்.

பழையஇரும்பு:
துடுப்பு மட்டும் போதாது. டிரம்மின் ஒரு பக்கம் மூடியிருக்கிறது, மறுபக்கம் வாய் திறந்திருக்கிறது, சூடும் ஷூவின் அழுத்தமும் சேர்ந்தால் அந்த வாய்ப்பக்கம் மணிபோல விரியும். அங்கே தடித்த வளையம் உள்ள டிரம்தான் வடிவம் கெடாமல் நிற்கும். சுற்றுவாக்கில் ஓடும் துடுப்பு குளிர்ச்சியோடு விறைப்பும் தரும், குறுக்குத் துடுப்பில் அந்த விறைப்பு குறைவு. ஆல்ஃபின் என்ற வகை டிரம்மில் வார்ப்பிரும்பு வளையத்தின் மேல் அலுமினியத்தை ஒட்டவைத்து வார்த்திருப்பார்கள், சூடு சீக்கிரம் வெளியேறும், எடையும் குறைவு, ஆனால் அந்த ஒட்டு விட்டுப்போன பழைய டிரம் தலையில் கட்டப்பட்டால் போச்சு. அப்புறம், ஒவ்வொரு முறை கடையும்போதும் சுவர் மெலிகிறது, அதனால் இன்னும் எளிதாக விரிகிறது. உள்ளே நீலத் திட்டுகள் இருக்கிறதா பாருங்கள்.

மைனர்காரன்:
இருக்கிறது, இடது டிரம்மில் மூன்று நான்கு இடத்தில், நகம் வைத்தால் லேசாகத் தடுக்கிறது.

பழையஇரும்பு:
அப்படியென்றால் அதுதான் காரணம். சூட்டில் இரும்பு இறுகிப்போன இடங்கள் அவை. லேத் உளி அதன்மேல் எகிறிப் போய்விடும், பிறகு ஓட்ட ஓட்ட சுற்றியுள்ள மென்மையான இடம் தேயும், திட்டு மேடாக நிற்கும். கிரைண்டிங் செய்தால் மேடு போகும், ஆனால் இறுக்கம் ஆழத்தில் இருந்தால் திரும்பவும் தலைகாட்டும். ரெண்டு பக்கத்துக்கும் புது வார்ப்பிரும்பு டிரம், வாய் தடித்ததாக. ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கையும் டிரம்மின் வளைவுக்கு அரைத்துப் போடுங்கள்.

லேத்தடி:
டிரம் வாங்குமுன் வீல் பேரிங்கையும் கிங் பின்னையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் எந்த டிரம் போட்டாலும் உதறும்.