புதுப்பிப்பு: சுடுதண்ணித் தொட்டியும் கரண்ட் பில்லும்

போன மார்கழியில் இங்கே புலம்பியிருந்தேனே, இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் நாங்கள் நடத்தும் சின்ன கெஸ்ட் ஹவுஸில் விருந்தாளிகள் இறங்கி உட்கார்ந்து குளிக்கிற சுடுதண்ணித் தொட்டி (ஹாட் டப்) கரண்ட் பில்லை ஏற்றுகிறது, ஹீட்டரை மாற்றவா என்று. மாற்றவில்லை. அதே பழைய 3 கிலோவாட் ஹீட்டர்தான்.

"தம்பி, முதலில் மூடியைப் பாருங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். மூடிதான் இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். கழற்றப் போனால் ஒரு ஆளால் தூக்க முடியாத கனம்; உள்ளே ஃபோம் தண்ணீர் குடித்து ஊறி, தையல் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஊறிய ஃபோம் சூட்டைத் தடுக்காது. அதைவிட மோசம் ஆவி: 1 லீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 0.67 யூனிட் சூடும் அதோடு போய்விடும். எங்கள் 1,200 லீட்டரை 28 பாகையிலிருந்து 38க்கு ஏற்றவே சுமார் 14 யூனிட் வேண்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மூடி போட்டேன், அதற்குக் கீழே தண்ணீரில் மிதக்கிற குமிழ் விரிப்பு ஒன்று. அப்புறம் மனைவி சொல்லி, வாடைக்காற்று அடிக்கிற கடல் பக்கம் கிடுகு வேலி. மலிவான வேலை, ஆனால் காற்று குறைந்தால் ஆவியும் குறையும். முன்பு 38இல் விட்டால் விடியும்போது 33, இப்போது 36க்குக் கீழே இறங்குவதில்லை.

தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜெட்டின் காற்று வால்வையும் ஆள் இல்லாத நேரம் மூடிவிடுங்கள், அது குளிர்காற்றைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்து தகரக் கூரையில் கறுப்புக் குழாய் சுற்றி வெயிலில் சூடாக்கிப் பார்க்கப் போகிறேன், மழை விடட்டும்.