வெள்ளிக்கிழமை கிராமசபை

(குடும்பக் குழு, 2025 ஆகஸ்ட் 12)

நான்: 15-ம் தேதி கிராமசபை. நம் குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் திட்டத்துக்கு எதிராக நம் தெரு சார்பில் தீர்மானம் கொடுக்கப் பேச்சு. யார் யார் வருகிறீர்கள்?

அம்மா: அன்று மாதா திருநாள். பூசை முடிந்துதான் வர முடியும்.

தம்பி: தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது? தலைவர் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர்தான். அப்புறம், 12 கடல் மைலுக்கு அப்பால் இருப்பதெல்லாம் டெல்லி கணக்கு. நம் பஞ்சாயத்துக்கு அங்கே என்ன வேலை?

மைனி: 2020-ல் சட்டம் போட்டார்களே, பாறைக்குள் இருக்கும் ஷேல் கேஸ்கூட எடுக்கக்கூடாது என்று?

தம்பி: அது டெல்டாவுக்கு, மைனி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். குமரி அதில் இல்லை.

பெரியப்பா: 🎤 0:42

நான்: பஸ்ஸில் நிற்கிறேன் பெரியப்பா, ஒன்றும் கேட்கவில்லை. எழுதிப் போடுங்களேன்.

பெரியப்பா: சின்னவள் இருக்கும் ஊர்ப்பக்கம் பாறையை உடைத்து காஸ் எடுத்தார்களே. அங்கே பஞ்சாயத்து என்ன செய்தது என்று அவளைக் கேள்.

சித்தி (பிரஸ்டன், இங்கிலாந்து): நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன் அத்தான். பிளாக்பூல் போகிற சாலையில்தான் அந்த இடம். 2015 ஜூன் கடைசியில் லங்காஷயர் கவுண்டி கவுன்சில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு இடத்துக்கு அனுமதி மறுத்தது. பிரஸ்டன் நியூ ரோட்டுக்குச் சொன்ன காரணம் இரைச்சல், சுற்றுப்புறத்தின் அழகு கெடும். ரோஸேக்கர் வுட்டுக்குச் சொன்னது லாரி. ஒடுக்கமான கிராமத்துச் சாலை, அவ்வளவு லாரி போனால் ஆபத்து.

தம்பி: அதோடு நின்றதா?

சித்தி (பிரஸ்டன்): எங்கே! கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. 2016 அக்டோபரில் அமைச்சர் முதல் இடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். கவுன்சில் சொன்னது காற்றில் போயிற்று. ஆனால் ரோஸேக்கரை 2019 பிப்ரவரியில் அரசாங்கமே மறுத்தது, அதே லாரிக் காரணத்துக்காக.

மைனி: அப்போ லாரி ஜெயித்தது, அழகு தோற்றது 😄

சித்தி (பிரஸ்டன்): அப்படித்தான். முதல் இடத்தில் 2018 அக்டோபரில் பாறையை உடைக்கத் தொடங்கினார்கள். நிலம் 0.5 ரிக்டர் அளவு அதிர்ந்தாலே வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. 2019 ஆகஸ்ட் 26 லீவு நாள், காலை எட்டரை மணி. வீடு நடுங்கியது, நான் வாஷிங் மெஷின் என்று நினைத்துத் திட்டினேன். 2.9 என்று அப்புறம் செய்தியில் சொன்னார்கள். நவம்பரில் இங்கிலாந்து முழுக்க நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

தம்பி: நம் கடலில் பாறையை உடைக்கப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை சித்தி. அதையும் இதையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

சித்தி (பிரஸ்டன்): சரி மக்களே, அது வேறு, இது வேறு. நான் சொல்வது காரணத்தை. எதை எழுதினால் மேலே போனாலும் நிற்கும் என்று பாருங்கள்.

நான்: 2020 ஜனவரியிலிருந்து தேடும் கட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று விதியை மாற்றிவிட்டார்கள். நாம் சொன்னது பதிவாக வேண்டும் என்றால் இந்தத் தீர்மானப் புத்தகத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

மைனி: நான் எழுதி வைத்தது இது: "எங்கள் உயிருக்கு உயிரான கடல் தாயைக் கூறுபோடும் நாசகாரத் திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்."

தம்பி: மைனி, மேடைக்குச் சரி.

அம்மா: அவள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது. சிரிக்காதே.

சித்தி (பிரஸ்டன்): அது முதல் வரியாக இருக்கட்டும். அடுத்து லாரி மாதிரி ஏதாவது வேண்டும். அத்தான், எந்த மாதம் எங்கே என்ன மீன், எத்தனை வள்ளம் போகும், அதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: குமரிக்குத் தெற்கே நாம் மீன் பிடிக்கும் வாட்ஜ் பேங்க் பக்கம்தானே? 1976-ல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு நமக்கு என்று வாங்கிய இடம் அது. அதையும் எழுது.

நான்: எழுதுகிறேன். மாதவாரியாகச் சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: 🎤 11:08

தம்பி: பதினொரு நிமிடமா!

பெரியப்பா: இது ஜனவரி மட்டும்.